‘டாக்’ இல்லாமல் எந்த வீரணன்?

இது இப்படித்தான் முடியும் என்று நான் முன்பே சொன்னேன். வீரணன் அண்ணன் கத்திரி வெயிலில்தான் போவார் என்றேன், போனார். போன பிறகு அவர் பெயரிலேயே கை வைப்பார்கள் என்றேன், வைத்தார்கள். பெயரில் கை வைத்தால் சவ எடுப்புக்கு ஆள் வராது என்றேன், வரவில்லை. சந்தேகம் இருந்தால் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் விசாரித்துக்கொள்ளலாம். என் பேச்சைக் கேட்டிருந்தால் இந்த ஊரில் பல காரியங்கள் ஒழுங்காக நடந்திருக்கும். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

செய்தி வந்தபோது நான் செல்லூர் சலூனில் பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தேன். போனில் அவர் மகன் சரவணன். “மாமா, அப்பா போயிட்டாரு” என்றான். ஒரு கன்னம் மழித்து ஒரு கன்னம் மழிக்காமல் எழுந்து ஓடினேன். அன்று முழுவதும் அந்த முகத்தோடுதான் இருந்தேன். துக்க வீட்டில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டி வழியாக எழுமலை போகும் தனியார் பஸ்ஸில் அவர் டிரைவர், நான் கண்டக்டர். ரெண்டு பேருக்கும் தலை நரைத்ததே அந்த ரோட்டில்தான். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். முறை தப்பாக இருக்கிறதே என்று யாராவது கேட்டால், “பஸ்ஸுல ஏறிட்டா எல்லா முறையும் சரிதான்” என்பார்.

எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் பந்தலுக்கு ஆள் போகும்போதே போஸ்டருக்கும் ஆள் போய்விடும். போஸ்டரில் பட்டப்பெயர் முக்கியம். ‘சோடா’ கருப்பையா, ‘வெங்காயம்’ முனியாண்டி என்று குறி போட்டு முன்னால் அடிப்பார்கள். அந்தக் குறிக்குள் இருப்பதுதான் ஆள். பின்னால் இருப்பது ரேஷன் கார்டுக்கு. இது மதுரையில் கைக்குழந்தைக்கும் தெரியும். சரவணனுக்குத் தெரியவில்லை. பெங்களூரில் கம்பெனி வேலை, கழுத்தில் அட்டை.

பிரிண்டிங் கடையில் நானும் கூட இருந்தேன்.

“தம்பி, பேருக்கு முன்னாடி ‘டாக்’குன்னு போடச் சொல்லு.”

“வேணாம் மாமா.”

“ஏப்பா?”

“எங்க ஆபீஸ்ல இருந்து ஆளுக வாராக. எங்கப்பா பேருக்கு முன்னாடி நாயின்னு போட்டு ஊரெல்லாம் ஒட்டச் சொல்றீகளா?”

“டேய், அது இல்லாட்டி எந்த வீரணன்னு ஒருத்தனுக்கும் தெரியாதுடா. ஒரு ஆளு வரமாட்டான், பாரு.”

“வர்றவுக வந்தாப் போதும் மாமா.”

எழுமலைப் பக்கம் ஒரு திருவிழாக் கூட்டத்தில் நின்று ‘வீரணா’ என்று கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இது போதாதென்று பிரிண்டிங் கடைக்காரன், அண்ணனின் பழைய போட்டோ ஒன்றை எடுத்து, கம்ப்யூட்டரில் அவருக்குக் கோட்டு மாட்டிவிட்டான். காக்கிச் சட்டைக்கு மேல் ஒரு துண்டைத் தவிர எதையும் போடாத மனிதருக்கு நீலக் கோட்டு! அவரே உயிரோடு வந்து அந்தப் போஸ்டரைப் பார்த்திருந்தால், யாரோ பெரிய மனுசன் பாவம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

எடுப்பு அன்று அண்ணன் வீடு இருந்த செல்லூர்ச் சந்தில் நாற்காலிகள் வெயில் காய்ந்தன. கூலிங்கிளாஸ் போட்ட ஆபீஸ்காரர்கள் சிலர், பக்கத்து வீட்டுத் தறிக்காரர்கள் சிலர், நாங்கள். அந்த ரோட்டில் அவர் வண்டியில் பள்ளிக்கூடம் போனவர்கள், சந்தைக்குப் போனவர்கள், பிரசவத்துக்குப் போனவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! ஒருத்தர் இல்லை. சரவணன் அடிக்கடி சந்து முனையைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

மறுநாள் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே வேர்க்கடலை விற்கும் ஒச்சம்மா, தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. என்னைக் கண்டதும், “என்னண்ணே, டாக்கு டிரைவரு கண்ணுலயே படல? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றது.

அது சாய்ந்திருந்த தூணில், அதன் தலைக்கு மேலேயே போஸ்டர். நான் கையைக் காட்டினேன். ஒச்சம்மா எழுந்து திரும்பிப் பார்த்தது.

“இதா? இது யாரோ கோட்டுப் போட்ட வீரணன்ல?”

ஒச்சம்மா இன்னும் கிட்டே போய் மீசையைப் பார்த்தது. பிறகு கடலைக் கூடையைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டது.

“என் தலைக்கு மேலயே ஒட்டி வச்சு, எனக்குத் தெரியாமப் பண்ணிட்டீகளேய்யா. நேத்தெல்லாம் அவுக படத்துக்குக் கீழ உக்காந்து சிரிச்சு ஏவாரம் பாத்திருக்கனே.”

நண்பர்களே, இதற்கு யார் பதில் சொல்வது?

அந்தப் பெயர் யாரோ கேலிக்கு வைத்த பெயர் அல்ல. அது அவர் ரோட்டில் நின்று வாங்கிய பெயர். அதற்கு நேரடிச் சாட்சி நான்.

செக்கானூரணி தாண்டி ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்ததால் ஒரு நாள் வண்டி தாமதம். முதலாளி புதிதாக வைத்த செக்கர் வழியில் ஏறினார். வெள்ளைச் சட்டை, வாயெல்லாம் இங்கிலீஷ். ஏறியதும் ஏறாததுமாக, பஸ் நிறைய ஆள் இருக்க, அண்ணனைப் பார்த்து, “யூ டாக்!” என்றார். அண்ணன் ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். திரும்பி உட்கார்ந்தார்.

“சார், நாயின்னு வஞ்சதுல எனக்கு வருத்தமில்ல. எங்க வீட்டு நாயி என்னையவிட நல்லா வேலை பாக்குது. ஆனா தமிழ்ல வையாம இங்கிலீஷ்ல வஞ்சீக. அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சு? அதைச் சொல்லுங்க, வண்டியை எடுக்குறேன்.”

“டாக்னா நாய்யா! இதுகூடத் தெரியாதா?”

“அது அர்த்தம் சார். நான் கேட்டது பூர்வீகம்.”

செக்கர் முழித்தார். முன் சீட்டில் இருந்த டியூசன் வாத்தியார், லத்தீனாக இருக்கும் என்றார். பேங்க் கிளார்க் ஒருவர், இல்லை கிரேக்கம் என்றார். பின்னால் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்த பெரியவர், “அந்தச் சீமை நாயி ‘டக்கு டக்கு’ன்னு கொலைக்குமோ என்னமோ!” என்றார். பஸ்ஸே சிரித்தது. செக்கர் என் பக்கம் திரும்பி, “விசிலை ஊதுய்யா!” என்று கத்தினார். இங்கேதான் நான் வருகிறேன். கண்டக்டர் விசில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுப்பது கிடையாது. நான் விசிலை வாயிலிருந்து எடுத்துப் பையில் போட்டேன். வெயில் ஏற ஏறப் பயணிகள் செக்கரைத் திட்ட ஆரம்பித்தார்கள். “வஞ்சவருக்கு வார்த்தை தெரியணும்லய்யா!” என்றது ஒரு பெண் குரல். கடைசியில் அவர் ‘சாரி’ என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். விசிலை ஊதினேன். மதுரை மாவட்டத்தில் அதைவிடச் சத்தமான விசிலை இன்றுவரை யாரும் ஊதியதில்லை.

அன்றிலிருந்து அந்த ரோடு முழுக்க அவர் ‘டாக்’ வீரணன். யாராவது தயங்கித் தயங்கிக் கூப்பிட்டால், “சத்தமாக் கூப்பிடுய்யா. அது நான் சம்பாதிச்ச பேரு” என்பார்.

கேள்வி மட்டும் அவரை விடவில்லை. இங்கிலீஷ் தெரிந்த முகம் ஏறினால் போதும், கண்ணாடியில் பார்த்தபடியே கேட்பார். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு வார ஓய்வு நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு மதுரையில் ஒரு பெரிய நூலகத்துக்குப் போனார். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். இங்கிலீஷில் நான்தான் முதல். ரெண்டாவது வந்தவன் இன்றைக்கு அமெரிக்காவில் இருக்கிறான். ஆகவே துணைக்கு நான் தேவைப்பட்டேன். நூலகத்து அம்மா ஒரு அகராதியைத் தூக்கி வந்து மேசையில் போட்டார். ஆட்டுக்குட்டி கனம் இருக்கும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்துச் சொன்னார்.

ஆதியில் இங்கிலீஷ்காரன் நாயை ‘ஹுண்ட்’ என்றுதான் சொன்னானாம். ஜெர்மன்காரன் இன்னும் அப்படித்தான் சொல்கிறானாம். ஆயிரம் வருசத்துக்கு முன்னால் ‘டொக்கா’ என்று ஒரு வார்த்தை எங்கிருந்தோ வந்து எட்டிப் பார்க்கிறது. ஏதோ ஒரு வகைப் பெரிய நாய்க்கு அந்தப் பெயர் இருந்திருக்கலாம் என்கிறார்கள். அப்புறம் மெதுவாக உள்ளே வந்து எல்லா நாய்க்கும் அதுவே பெயராகிவிட்டது. பழைய பெயர் ‘ஹவுண்ட்’ ஆகி, வேட்டை நாய்க்கு மட்டும் என்று ஒதுங்கிவிட்டது.

“சரிம்மா. டொக்கா எங்கிருந்து வந்துச்சு?” என்று அண்ணன் கேட்டார்.

அந்த அம்மா அடுத்த வரியில் விரலை வைத்தார். “மூலம் தெரியவில்லைன்னு போட்டிருக்காங்க.”

எனக்கு ரத்தம் கொதித்தது. உலகத்தையே ஆண்டோம் என்கிறார்கள். வாசலில் படுத்துக்கிடக்கும் நாயின் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கையை விரிக்கிறார்கள். பன்றியைச் சொல்லும் ‘பிக்’குக்கும் இதே நிலைமைதானாம். ஸ்பெயின்காரன் நாய்க்கு வைத்திருக்கும் பெயருக்கும் மூலம் தெரியாதாம். பிறகு எதற்கு அவ்வளவு பெரிய புத்தகம் என்று அந்த அம்மாவிடமே கேட்டேன். அவர் சத்தம் போடாதீர்கள் என்றார்.

அண்ணன் என்னவோ சந்தோசமாக இருந்தார். வெளியே வந்து கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார்.

“மாப்ள, ஊரு தெரியாம வந்துச்சு. வாசல்ல படுத்துச்சு. இப்ப வீட்டுக்காரன் வேற பேரே சொல்றதில்ல. எம்புட்டுக் கெட்டிக்கார வார்த்தை பாரு!”

அவர் ஏன் அம்புட்டுச் சந்தோசப்பட்டார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவருடைய அய்யா எழுமலைக்குக் கிணறு வெட்ட வந்தவர். எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கட்டின பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. மகனுக்கு அந்த ஊர்ச் சாமியின் பெயரை வைத்துவிட்டு, வாயைத் திறக்காமலே செத்துப் போனார்.

அதன் பிறகு அண்ணன் அந்த வார்த்தையைப் பூனை எலியைப் பார்ப்பதுபோலப் பார்க்க ஆரம்பித்தார். செல்லூரில் ஒரு லேத் பட்டறையில், உருளையை நழுவாமல் பிடித்துச் சுற்றவைக்கும் இரும்புக்கு ‘டாக்’ என்று பெயர் என்று தெரிந்ததும், அதைக் கையில் வாங்கிப் பார்த்து, “இவன் நம்மாளு” என்றார். ஒருவனை விடாமல் பின்தொடர்வதற்கும் அதே வார்த்தை. அதிர்ஷ்டக்காரனையும் ‘லக்கி டாக்’ என்பார்கள், கேடு கெட்டவனையும் டாக் என்பார்கள். என் டிக்கெட் புத்தகத்தில் முனை மடங்கியிருந்தால், அதை வெள்ளைக்காரன் நாய்க்காது என்பான் என்று சொல்லி நிமிர்த்திவிடுவார். கத்திரி வெயிலில் ஸ்டியரிங் சுடும்போது, “அவுகளுக்கும் ஒரு கத்திரி இருக்கு மாப்ள. அதுக்கும் நாய் பேருதான். வானத்துல ஒரு நாய் நட்சத்திரம் சூரியனோட சேந்து எந்திரிக்குமாம்” என்பார். அவர் கத்திரியில் போவார் என்று நான் கணித்தது இதை வைத்துத்தான்.

இந்த இடத்தில் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். சரவணனுக்கு அந்தப் பெயர் மேல் கோபம் வரக் காரணம் இருந்தது.

அவன் ஆசைப்பட்ட பெண் ஒன்று. திருமங்கலத்திலிருந்து பெண்ணின் தாய்மாமன் ஆட்களோடு செல்லூர் வீட்டுக்கு வந்தார். கேசரி, மிக்சர், காப்பி எல்லாம் நடந்தது. அண்ணனின் மனைவி பேச்சியக்கா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தது. தாய்மாமன் மெதுவாக ஆரம்பித்தார்.

“அப்புறம், உங்களுக்குப் பூர்வீகம் எந்தப் பக்கம்?”

வேறு யாராக இருந்தாலும் வாயில் வந்த ஊரைச் சொல்லியிருப்பார்கள். நானே அண்ணன் தொடையைக் கிள்ளி ‘ராம்நாடு’ என்று காதில் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

“தெரியாதுங்க. எங்க அய்யா சொல்லல. இங்கிலீஷ்ல டாக்குன்னு ஒரு வார்த்தை இருக்கு பாத்தீகளா...” என்று ஆரம்பித்து, ஹுண்ட், டொக்கா எல்லாம் சொல்லி முடித்தார். “அம்புட்டுப் பெரிய பாசைக்கே அது கேவலமில்ல. எனக்கு என்னங்க கேவலம்?”

தாய்மாமன் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். “போயிச் சொல்லி விடுறோம்” என்றார். சொல்லி விடவே இல்லை. நாலாவது பாட்டனின் பெயர் என்ன என்று அந்தத் தாய்மாமனை அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும். வாயில் மிக்சர் இருந்தது.

அவர்கள் போனதும் சரவணன் அப்பா முன்னால் வந்து நின்றான். “உங்க நாய்க் கதையால என் வாழ்க்கை போச்சு” என்றான். அண்ணன், “பொய் சொல்லிப் பொண்ணு எடுக்கச் சொல்றியாடா?” என்று மட்டும் கேட்டார். பிறகு அவனுக்கு வேறு இடத்தில் நல்ல பெண்ணாகவே அமைந்தது. ஆனால் அப்பாவும் மகனும் ‘சாப்பிட்டியா’, ‘சாப்பிட்டேன்’ என்பதற்கு மேல் பேசி நான் பார்க்கவில்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான், ஒச்சம்மாவைப் பார்த்துவிட்டு வந்த கையோடு சரவணனைப் பார்க்கச் செல்லூர் வீட்டுக்குப் போனேன். உன் ஆபீஸ்காரர்கள் பார்த்துவிட்டார்களா, நிம்மதிதானே என்று கேட்கத்தான் போனேன். அவன் அப்பாவின் காக்கிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒச்சம்மா சொன்னதைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான். சட்டையை மடித்து வைத்துவிட்டு அவனே கேட்டான்.

“மாமா, அப்பா போறதுக்கு முந்தின நாளு ஆஸ்பத்திரியில நான் மருந்து வாங்கப் போனப்ப, நீங்கதானே கூட இருந்தீக. அப்பா கடைசியா என்ன சொன்னாரு?”

நான் சொன்னேன். “‘மாப்ள, போஸ்டருல டாக்குன்னு போடச் சொல்லு. பய கோவிச்சுக்குவான். கோவிச்சுக்கிட்டாலும் என் மகன் போடுவான்’னு சொன்னாருப்பா.”

“என் மகன் போடுவான்னா சொன்னாரு?”

“ஆமா.”

“கடையில வச்சே இதைச் சொல்ல வேண்டியதுதானே மாமா?”

“நீ எங்க சொல்ல விட்ட?”

அடுப்படியிலிருந்து பேச்சியக்கா, “அவரு சொல்லியிருப்பாரு” என்றது.

கருமாதிக்கு முன்னால் புதிய போஸ்டர் வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, காக்கிச் சட்டை, தோளில் துண்டு. மேலே ‘டாக்’ வீரணன். டாக் பெரிதாக, வீரணன் சிறிதாக. அடியில், நான் சொல்லிக் கொடுக்காத ஒன்றையும் அவன் சேர்த்திருந்தான்: ‘இப்படிக்கு, ‘டாக்’ மகன் சரவணன்.’

அப்புறம் பார்க்க வேண்டுமே! உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்த வண்டியெல்லாம் அந்தத் தூண் அருகே வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. கருமாதி அன்று செல்லூர்ச் சந்தில் தறிச்சத்தம் கேட்கவில்லை, அவ்வளவு ஆள். எழுமலையிலிருந்து தனி வண்டியே வந்தது. ஒச்சம்மா கூடையோடு வந்து, வந்தவர்களுக்கெல்லாம் கடலையை அள்ளி அள்ளிக் கொடுத்தது. மந்திரிக்குக்கூட இவ்வளவு கூட்டம் வந்ததில்லை என்று நான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை.

ஒரு வயசானவர் கம்பு ஊன்றி வந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. “நான்தாங்க, அன்னைக்கு வஞ்ச செக்கர்” என்றார். எனக்குப் பழைய கோபம் உச்சிக்கு ஏறியது. அதற்குள் அவர் குரலைத் தாழ்த்தி, “அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு கடைசி வரைக்கும் தெரிஞ்சுச்சா?” என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற சரவணன்தான் பதில் சொன்னான். “தெரியலைங்கய்யா. எங்கப்பாவுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. உள்ள வாங்க, சாப்பிட்டுட்டுப் போகலாம்.”

அண்ணன் நினைவாக நான் வைத்துக்கொண்டிருப்பது ரெண்டு. அந்த விசில் ஒன்று. அன்றைக்கு ஊதாமல் பையில் போட்ட அதே விசில், இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்னொன்று, யாராவது வைதால் அர்த்தம் கேட்டுச் சண்டை போடாமல், நின்று நிதானமாகப் பூர்வீகம் கேட்கும் பழக்கம். கேட்டுப் பாருங்கள். வைதவன் இறங்கி நடப்பான்.

கடைசியாக ஒன்று. சரவணன் இதைப் படிப்பான், படிக்கட்டும். அன்று ஆஸ்பத்திரியில் அண்ணன் கண்ணைத் திறந்து என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எழுமலை வண்டியை எடுத்துட்டானா மாப்ள?” எடுத்துட்டான் அண்ணே என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். போஸ்டரைப் பற்றியோ மகனைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ‘என் மகன் போடுவான்’ என்றது நான். அவன் போட்டான்.